படிவம் 12பிபி: சம்பளக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வாடகை, சேமிப்பு, வீட்டுக்கடன் வட்டி போன்றவற்றுக்கு வரிக்கழிவு கேட்டுச் சம்பளக்காரர் அலுவலகத்தில் கொடுப்பது படிவம் 12பிபி; அதைப் பார்த்துத்தான் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். இங்கே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு. 1.4.2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் அதற்குப் பிறகு பிரிவு எண்கள் மாறும்.

தனியார் பள்ளி ஆசிரியை, கும்பகோணம்: மாதம் 9,000 வாடகை கொடுக்கிறேன். வீட்டுக்காரர் பான் எண் தர மாட்டேன் என்கிறார்.

பதில்: அம்மா, வருமான வரிக்குப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. வாடகைப்படி விலக்கு பழைய முறையில் மட்டும்தான். அதைத் தேர்ந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள். உங்கள் ஆண்டு வாடகை 1,08,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பெயர், முகவரியோடு பான் எண்ணும் கட்டாயம். இல்லாவிட்டால் அலுவலகம் விலக்குத் தராது.

மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு: வாங்கிய வாடகைப்படி, வாடகையில் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி, சம்பளத்தில் 40 சதவீதம். சென்னை போன்ற நான்கு பெருநகரங்களுக்குத்தான் 50. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 40,000, வாடகைப்படி 8,000 என்றால் இவை முறையே 96,000, 60,000, 1,92,000. விலக்கு 60,000. கொடுத்த வாடகை முழுவதும் கழியும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பான் எண்ணுக்குப் பயந்து வாடகையைக் குறைத்தோ வேறொருவர் எண்ணைப் போட்டோ எழுதாதீர்கள். படிவத்தின் அடியில் உறுதிமொழிக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. பொய்க் கணக்கு என்று முடிவானால் அபராதம் ஏய்த்த வரியில் 200 சதவீதம்.

வங்கி ஊழியர், திருவாரூர்: எல்ஐசி, பிஎஃப் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். பிடித்தம் குறையவே இல்லை.

பதில்: எந்த முறை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அலுவலகம் புதிய முறையில்தான் பிடிக்கும். அதில் 80சி, அதாவது எல்ஐசி, பிஎஃப் போன்றவற்றுக்கான கழிவு, கிடையாது. சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கழியும் நிலைக்கழிவு 75,000 உண்டு; அது போக 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரி வராது. தொழில் வருமானம் இல்லாதவர் ரிட்டர்னை உரிய தேதிக்குள் போடும்போது பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

கூட்டுறவுச் சங்க எழுத்தர், பாபநாசம்: வீட்டுக்கடன் தவணை மொத்தத்தையும் எழுதலாமா?

பதில்: கூடாது. வட்டி தனிக் கட்டத்தில். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2 லட்சம் வரை, பழைய முறையில் மட்டும். அசல் 80சியில். கடன் கொடுத்தவரின் பான் எண்ணும் வட்டிச் சான்றிதழும் இணையுங்கள்.

அரசு ஊழியர், மன்னார்குடி: குறுவை, சம்பாவில் வரும் நெல் வருமானத்தையும் காட்ட வேண்டுமா?

பதில்: 12பிபியில் அதற்குக் கட்டம் இல்லை. ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

நீடாமங்கலத்திலிருந்து ஒருவர்: ஐயா, விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாதே! எதற்காகப் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: நெல்லுக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் நிகர விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டி, மற்ற வருமானமும் விலக்கு வரம்பை (வரிக் கணக்கு தொடங்கும் தொகையை) தாண்டினால் அது சம்பளத்தின் வரி விகிதத்தை ஏற்றும். புதிய முறையில் கணக்குப் பாருங்கள். வரிக்குரிய சம்பளம் 14 லட்சம், தனியாக வரி 90,000. நிலத்தில் 2 லட்சம் வருகிறது. சேர்த்து 16 லட்சத்துக்கு வரி 1,20,000. அதிலிருந்து விவசாயம் 2 லட்சமும் விலக்கு வரம்பு 4 லட்சமும் சேர்ந்த 6 லட்சத்துக்கான வரி 10,000ஐக் கழித்தால் 1,10,000. கூடுதல் 20,000, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) தனி.

அவரே: குத்தகைக்கு விட்டுவிட்டேன். அப்போதுமா?

பதில்: சாகுபடி நிலத்துக் குத்தகையும் விவசாய வருமானம்தான். நீங்களே சாகுபடி செய்தால் உழவு, நடவுக் கூலி, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் கழித்து நிகரத்தைக் காட்டுங்கள், ரசீதுகளை வைத்திருங்கள். கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. இந்தக் கூடுதல் வரியை அலுவலகம் பிடித்திருக்காது. செலுத்த வேண்டிய மிச்சம் 10,000 அல்லது அதற்கு மேல் போனால் முன்கூட்டியே கட்ட வேண்டும், கடைசித் தவணை மார்ச் 15. தவறினால் வட்டி.

வேதாரண்யம்: இறால் குட்டையும் விவசாயமா?

பதில்: இல்லை. அது தொழில் வருமானம்.

பட்டுக்கோட்டை: 80சி போட்டும் பிடித்தம் குறையவில்லையே?

பதில்: திருவாரூர்க்காரருக்குச் சொன்னதுதான். எந்த முறை என்று எழுதிக் கொடுத்தீர்களா?

மயிலாடுதுறை: பாதி ஆண்டில் வேலை மாறினேன்.

பதில்: பழைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் படிவம் 12பியில் புதிய அலுவலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நிலைக்கழிவும் வரியில்லா வரம்பும் இரண்டு இடத்திலும் கழிந்து, ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட நேரும்.

திருத்துறைப்பூண்டி: 80சி குறையவில்லை.

பதில்: மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.