கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பெரிய மனுஷியாகி எட்டு மாதம் ஆகிறது. அப்போதே சைக்கிளை நிறுத்திவிட்டோம், வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள். இப்போது உடம்பு நன்றாகப் போட்டுவிட்டது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பள்ளிக்கு வந்த டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். “வயசுக்கு வந்த பிள்ளை பூசினாப்புல இருந்தாத்தான் அழகு, சின்னப் பிள்ளைக்கு ஏது சர்க்கரை?” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு தாய், மேலூர்

பதில்: முதலில் அந்த நாரைத் தூக்கிப் போடுங்கள் அம்மா. இத்தனை நாளும் அந்தப் பிள்ளை குளியலறையில் கழுத்தெல்லாம் எரிய எரிய நின்றிருக்கிறாள். அது அழுக்கே இல்லை.

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின். பூப்படையும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடுவதால் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் வேலை செய்வது கொஞ்சம் மந்தமாகும். கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும், வளர்ந்து முடிந்ததும் அதுவே சரியாகிவிடும். வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்துகொண்டால்தான் சிக்கல். கணையம் இன்னும் இன்னும் சுரக்க வேண்டியிருக்கிறது. அப்படி மிதமிஞ்சிப் போன இன்சுலின் தோலைத் தடிக்கவைக்கிறது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி கறுப்பு படர்வது அதனால்தான். சினைப்பையையும் அது விடுவதில்லை. ஆண் ஹார்மோன் கூடி மாதவிலக்கு தள்ளிப்போகலாம், மோவாயில் முடி வரலாம். கணையம் ஓய்ந்துபோகும் இடத்தில்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தொடங்குகிறது. 13 வயதிலும் அது வரும்.

கழுத்து கறுத்தவர்கள் எல்லாருக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பார்த்தால்தான் தெரியும். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ஐத் தொட்டால் இன்னொரு நாளும் எடுத்து உறுதி செய்வார்கள். மேலூர் அரசு மருத்துவமனையிலேயே காட்டுங்கள், தேவைப்பட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். ஆனால் அடிக்கடி சிறுநீர் போவது, அடங்காத தாகம், திடீரென்று உடம்பு மெலிவது, வாந்தி என்று இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அது சில நாள் சமாச்சாரம். சைக்கிளைப் பூட்டியது எட்டு மாதச் சமாச்சாரம். ஓடியாடும்போது தசை, இன்சுலின் தயவை அதிகம் எதிர்பார்க்காமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். எந்தப் பருவத்தில் இன்சுலின் மந்தமாகிறதோ, சரியாக அந்தப் பருவத்தில் பெண் பிள்ளையை உட்காரவைக்கிறோம். பையன் மட்டும் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறான். எனக்கு இது நெஞ்சை அறுக்கிற விஷயம். பூட்டைத் திறந்து சைக்கிளைக் கொடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஆடட்டும்.

அப்புறம், சாப்பாடு. அவள் தட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். தம்பிக்குப் பரோட்டாவும் சால்னாவும், அவளுக்கு இரண்டு இட்லி என்று பிரித்தால் அந்த அவமானம்தான் அவளுக்கு மிஞ்சும். பாட்டில் குளிர்பானமும் பேக்கரி பாக்கெட்டும் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், யாருக்கும். பன்னிரண்டு மணிவரை போன் பார்த்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் பசி ஹார்மோன் கூடும், அதையும் கவனியுங்கள். “குண்டு” என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். குடும்பத்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்று அங்கே கேட்பார்கள், அவர்தான் விவரமாகச் சொல்லத் தெரிந்தவர். இவளைச் சுமந்தபோது உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.