சிலை வேறு, சிற்பம் வேறா?

கேள்வி: சிலை, சிற்பம் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். வேறுபாடு உண்டா? – வாசகி, கீழக்கரை

பதில்: உண்டு. சிலை என்பது ‘சிலா’ என்ற வடசொல்லின் வழி வந்தது; கல் என்று பொருள். கல்லின் பெயர் கல்லில் செய்த உருவத்துக்கு ஆகிவந்தது. பிறகு வெண்கலத்தில் வார்த்ததையும் ‘வெண்கலச் சிலை’ என்று கூசாமல் சொல்லிவிட்டோம்! (வில், மலை என்ற பொருள்களும் தமிழில் சிலைக்கு உண்டு.) சிற்பம் ‘சில்ப’ என்பதிலிருந்து வந்தது. அதற்குக் கைத்திறன், கலைத்தொழில் என்று பொருள்; அதில் கல்லே இல்லை. அதனால்தான் பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை (சுண்ணாம்புச் சாந்து), தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு எனப் பத்தையும் சிற்பத் தொழிலுக்கு உரியவையாக்குகிறது. வண்ணமும் இருப்பதைக் கவனியுங்கள். ஓவியமும் சிற்பத்துக்குள் அடங்குகிறது.

உங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. உத்தரகோசமங்கையில் ஆண்டின் பெரும்பகுதி சந்தனக் காப்பில் இருக்கும் நடராசர் மரகதம். ராமேஸ்வரத்துப் பெரிய நந்தி சுதை. இரண்டும் சிற்பமே. கல்லில் வேண்டாததைக் கழித்து உருவம் எடுக்கிறார்கள். சுதையில் மேலே மேலே சேர்த்து வளர்க்கிறார்கள்.

கேள்வி: தேவிபட்டினம் கடலில் நிற்கும் நவபாஷாணம் சிற்பமா? – வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: இல்லை. பாஷாணம் என்றாலும் கல்தான். உருவம் செதுக்காத அந்த ஒன்பது கற்களை நவக்கிரகமாக வழிபடுகிறோம், அவ்வளவே.

கேள்வி: எங்கள் அய்யனார் கோயில் சுதைக் குதிரையில் வெள்ளை பூத்து, தோல் தோலாக உரிகிறது. சிமென்ட் பூசலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளை கடல் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்த்து உள்ளே இறங்கும். வெயில் ஏறியதும் தோலுக்கு அடியில் மறுபடி படிகமாகி, இடம் போதாமல் பூச்சை வெளியே தள்ளும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு பின்னாலேயே தேங்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பழைய சுதையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். எனாமல் பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். வெள்ளைத் தாளை ஊறவைத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கூழாக்கி, 2 செ.மீ. தடிமனுக்கு அப்புங்கள். நன்றாகக் காய்ந்ததும் உரித்தால் உப்பு கூழோடு வந்துவிடும். இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

பழுதுபார்க்க, நீர்த்த கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்று மணல் 2 முதல் 3 பங்கு. கடற்கரை மணல் ஒரு கைப்பிடிகூடக் கூடாது. அதுவே உப்பு மூட்டை. கடுக்காய் ஊறல், கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு பூச்சு அரை அங்குலம் தாண்டாமல் ஏற்றுங்கள். வாலும் காதும் வெடித்திருந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கும். அதை எடுத்துவிட்டு 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வையுங்கள்.

வேலையைத் தை, மாசியில் தொடங்குங்கள். ஆனியில் அடிக்கும் காற்று பூச்சைச் சட்டென உலர்த்தி விரிசல் விடும். எப்போது செய்தாலும் நனைத்த சாக்கைப் போர்த்தி ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும்.