மட்டக்களப்பில் டிசைன் படித்துக்கொண்டே ஓடியோ எடிட்டிங், டப்பிங் பழகுவது எப்படி?

கேள்வி கேட்டவர் டிசைன் இரண்டாம் வருடம் படிக்கிறாராம். தான் செய்த ஒரு விழிப்புணர்வு அனிமேஷனுக்குத் தமிழ்க் குரல் சேர்க்க வேண்டும், ஸ்டுடியோ வசதி இல்லை, எந்த சொஃப்ட்வெயாரில் தொடங்கலாம் என்று கேட்கிறார். நானும் டிசைன் படிக்கப் போய் ஓடியோவுக்குள் விழுந்தவன்தான். கல்லடியில் வீட்டிலிருந்தே வீடியோக்களுக்குத் தமிழ்க் குரல் சேர்த்துக் கொடுக்கிறேன்.

சொஃப்ட்வெயார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒடாசிட்டி இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும். படத்தைப் பார்த்துக்கொண்டே குரலை ஒட்ட வேண்டுமென்றால் டாவின்சி ரிசொல்வின் இலவசப் பதிப்பில் ஃபெயார்லைட் என்று ஓடியோவுக்கே ஒரு பக்கம் இருக்கிறது. அடொபி ஓடிஷன் கைக்குக் கிடைத்தால் அதுவும் சரி. (நம் ஊர்ப் பழைய ரெக்கோர்டிங்காரர் சிலர் அதை இன்னும் 'கூல் எடிட்' என்பார்கள். 2003இல் அடொபி வாங்கும் முன் அதன் பெயர் அதுதான்.) ஒன்றைப் பிடித்து வெட்ட, ஒட்ட, ஒலியைக் கூட்டிக் குறைக்கப் பழகுங்கள். ஃபோட்டோஷொப்பில் லேயர் பழகியவருக்கு ட்ராக் புதிதாகத் தெரியாது.

டப்பிங்கில் ஆள் தடுக்கி விழுவது ஸ்கிரிப்டில். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஓர் உதாரணம். டெங்கு பற்றிய வீடியோ. ஒரு ஷொட் 3 விநாடி. கையில் கிடைக்கும் தமிழ் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்: "நீர் தேங்கி நிற்கக்கூடிய கொள்கலன்களை வாரம் ஒருமுறை அப்புறப்படுத்துதல் வேண்டும்." காகிதத்தில் பிழையே இல்லை. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், மூச்சு முட்டும், 3 விநாடிக்குள் அடங்கவே அடங்காது. பலர் இந்த இடத்தில் குரலை வேகப்படுத்துவார்கள். கேட்க ஏலம் போடுகிற மாதிரி இருக்கும். நான் இப்படி மாற்றுவேன்: "சிரட்டை, டயரில தண்ணி தேங்க விடாதீங்க." கிட்டத்தட்டப் பாதி நீளம். 'வாரம் ஒருமுறை' எங்கே போனது என்று கேட்பீர்கள். அதைப் படத்தில் ஒரு கலண்டராகக் காட்டலாம். குரல் சொல்ல வேண்டியது எது, கண் பார்த்துக்கொள்ள வேண்டியது எது என்று பிரிக்கத் தெரிவதுதான் டிசைன் படித்தவருக்கு இந்த வேலையில் இருக்கிற வசதி. வெறும் குரல் கலைஞர் படத்தில் கை வைக்க முடியாது, நீங்கள் வைக்கலாம்.

வேறு மொழி வீடியோவுக்குத் தமிழ்க் குரல் சேர்க்கிறீர்கள் என்றால், மூலம் சிங்களமா ஆங்கிலமா என்பதும் முக்கியம். சிங்களத்திலும் நம்மைப் போல வினை கடைசியில்தான் வரும். அதனால் பேசுபவர் அழுத்துகிற இடமும் கை நீட்டுகிற இடமும் தமிழோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆங்கிலத்தில் வினை முன்னுக்கே வந்துவிடுவதால் வரியை உடைத்து இரண்டு சிறு வாக்கியங்களாக எழுத வேண்டி வரும்.

வாய் அசைவு இருந்தால் இன்னொரு கணக்கு. ப, ம இரண்டுக்கும் உதடு மூட வேண்டும். பாத்திரத்தின் முகம் கிட்டத்தில் தெரிகிற ஷொட்டில் உதடு மூடுகிற ஃபிரேமைக் குறித்துக்கொண்டு, அங்கே ப அல்லது ம வருகிற சொல்லை வையுங்கள். தூர ஷொட்டுக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிற வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெக்கன். குரல் ஒரு ஃபிரேமுக்கு மேல் முந்தினாலே உறுத்தத் தொடங்கும், ஆனால் 3 ஃபிரேம் பிந்தினாலும் பலருக்குத் தெரியாது. இயற்கையிலேயே ஒளிக்குப் பிறகுதானே ஒலி வந்து சேருகிறது. ஆகவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் பிந்தியே வையுங்கள்.

இனி அறை. இரவில் பதிவு செய்யுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற கல்லடியில் ஊர் அடங்கிய பிறகுதான் கடல் இரைச்சலே நன்றாகக் கேட்கும். அலை ஏறி இறங்குவதால், சொஃப்ட்வெயாரில் இரைச்சலைக் குறைக்கிற நொய்ஸ் ரிடக்‌ஷனாலும் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் அது உதவும். பகலில் கடற்பக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன் பக்கம் முகம் வைத்துப் பேசுங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை. பின்னால் கயிறு கட்டித் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் எக்கோ இன்னும் குறையும். மெல்லிய சாரமோ சேலையோ இதற்கு உதவாது. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதும் வீண் வேலை, வெளிச் சத்தத்தை அது தடுக்காது. மார்கழி மழைக்குத் தகரக் கூரையின் கீழ் இருப்பவர்கள் அன்றைக்கு எடிட்டிங்கைப் பார்க்கலாம்.

லெப்டொப்பில் நேரே பதிவு செய்கிறீர்களா? சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த 50இலும் 100இலும் ஓர் உறுமல் குரலுக்கு அடியில் புகுந்துவிடும். வீடியோவுக்கு என்றால் பதிவின் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹேர்ட்ஸில் வைத்து, சத்தமாகப் பேசும் இடத்திலும் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் சும்மா இருந்து அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். வரிகளுக்கு இடையே வெட்டிய இடத்தில் அதைத்தான் நிரப்ப வேண்டும். முழு வெறுமை வந்தால் ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு ஏதோ அறுந்தது போல இருக்கும்.

குரலுக்கு ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் இசையும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கூத்து ஆடுபவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, வசனத்தில் உயிர் இருக்கும். ஒரு சிக்கல், கூத்து ஆடுகிற வட்டமான திறந்த மேடையான வட்டக்களரியில் கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அது. என் கூட்டாளி ஒருவன் நம் ஊர்க் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் அரசன் வேடம் கட்டுகிறவன். அவன் ஒரு "அடேய்" சொன்னால் மீட்டர் சிவந்துவிடும். மெதுவாகப் பேசு என்றால் குரல் செத்துப்போகும். அவனை அப்படியே பேசவிட்டு, மைக்கை இரண்டு முழம் தள்ளி வைத்து, பதிவின் அளவைக் குறைத்தேன். அந்தத் தூரத்தில் அறையும் சேர்ந்து பதிவாகும், போர்வை அப்போது கட்டாயம் வேண்டும்.

எந்தத் தமிழில் பேசுவது? பொது அறிவித்தல் என்றால் காத்தான்குடி, அக்கரைப்பற்று, யாழ்ப்பாணம், மலையகம் எல்லாருக்கும் காதில் விழ வேண்டிய தமிழ். ல, ள, ழ உச்சரிப்புக்கு இலங்கை வானொலி அறிவிப்பாளராகப் பெயர்பெற்ற பி. எச். அப்துல் ஹமீத்தின் பழைய வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பழகலாம், ஆனால் அந்த ராகத்தை அப்படியே இறக்காதீர்கள், உங்கள் குரலுக்கு ஒட்டாது. கதைப் பாத்திரம் என்றால் தயங்காமல் ஊர்ப் பேச்சுக்குப் போங்கள். மட்டக்களப்பு அம்மம்மா "கிறுகிப் பார் மனே" (திரும்பிப் பார் மகனே) என்றுதான் சொல்ல வேண்டும். சென்னைக் கார்ட்டூன் தமிழ் அவர் வாயில் வந்தால் நம் பிள்ளைகளே சிரிக்கும்.

எடிட்டிங்கில் கை அடக்கம் வேண்டும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள், நொய்ஸ் ரிடக்‌ஷனை 6இலிருந்து 12 டெசிபெலோடு நிறுத்துங்கள். கூட்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வரும். மூச்சு விடும் சத்தத்தை அடியோடு வெட்டாமல் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். முடிந்ததும் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்காமல், பெரும்பாலோர் பார்க்கப் போகிற ஃபோன் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள். இசை குரலை விழுங்குவது அங்கேதான் தெரியும்.

மைக் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் ப-வுக்கு அடிக்கிற காற்றும் படாது, முதல் வேலைக்கு அது தாங்கும். எக்கோ போகாத அறையில் விலையான மைக் அந்த எக்கோவைத்தான் இன்னும் துல்லியமாகப் பிடிக்கும். அறையும் ஸ்கிரிப்டும் சரியான பிறகும் குரல் மெலிந்து கேட்டால் ஒரு யுஎஸ்பி மைக் பாருங்கள்.