பிரான்சில் கார் தொல்லை இல்லாமல், பழைய ஊர்களைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு நாள் சைக்கிள் ஓட்ட எந்தப் பாதை நல்லது?

கேள்வி கேட்டவர் லுவார் நதிக்கரைப் பாதையை மனதில் வைத்திருக்கிறார். மலையேற்றம் கூடாது, பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போகக் கூடாது, வழியில் சரித்திரம் இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனைகள். லுவாரை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணம் என்றால் தென்மேற்கில் உள்ள போர்தோவிலிருந்து, பெரும்பாலும் கரோன் கால்வாயின் கரையோடு, துலூஸுக்குப் போங்கள். சுமார் 260 கிலோமீட்டர்.

லுவார் மோசம் என்று சொல்லவில்லை. அரண்மனைகள் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அந்தப் பாதை கணிசமான தூரம் கிராமச் சாலைகளில் போகிறது. கார் குறைவு, இல்லாமல் இல்லை. பிரான்சில் பலகையில் ‘வெலோரூத்’ என்று போட்டிருந்தால் சைக்கிளுக்கு ஏற்ற வழி என்று மட்டும்தான் அர்த்தம், சாலையும் அதில் சேர்த்தி. ‘வுவா வெர்த்’, அதாவது பச்சை வழி என்று இருந்தால்தான் மோட்டார் வண்டிக்குத் தடை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் போனது ஒரு மே மாதக் கடைசியில். அப்போது எனக்கு துலூஸில் வேலை. என் மனைவி பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. ரயிலில் போர்தோ போய், அங்கிருந்து வீட்டை நோக்கி ஓட்டுவது என்று முடிவு செய்தது அவள்தான். “வீட்டப் பாத்து ஓட்டினா அலுப்பு தெரியாதுங்க” என்றாள். அது பாதி உண்மை.

முதல் நாள், போர்தோவை விட்டு கரோன் ஆற்றைத் தாண்டி லாத்ரெஸ்ன் என்ற ஊருக்கு வந்தால் அங்கிருந்து ஒரு பழைய ரயில் பாதை சோவ்தேர் வரைக்கும் போகிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். ரயில் ஏறிய வழி என்பதால் ஏற்றம் இருப்பதே தெரியாது. மூச்சு வாங்கும்போதுதான் ‘ஓ, ஏறிக்கொண்டிருக்கிறோமா’ என்று புரியும். ரயில் நிலையங்கள் அப்படியே நிற்கின்றன, க்ரெயோனில் உள்ளது சைக்கிள்காரர்களுக்கான நிலையமாகவே ஆகிவிட்டது. பாதைக்கு ரோஜே லாபெபி என்று பெயர். 1937இல் தூர் து பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர் அவர். அதுவரை அந்தப் பந்தயத்தில் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் ‘டீரெய்லர்’ கருவிக்கு அனுமதி கிடையாது. அந்த வருடம்தான் விட்டார்கள், அந்த வருடம்தான் அவர் ஜெயித்தார். என் மனைவி இருபத்தொரு கியர் வண்டியில் கியரே மாற்றாமல் அந்த ஏற்றத்தை முடித்தாள் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

பாதையிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் லா சோவ் மஜர் மடம். 1079இல் தொடங்கியது. இப்போது கூரை இல்லை. வளைவுக் கூரை விழுந்த பிறகு ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள். மிச்சமிருப்பது ஒரு கோபுரமும், வானத்தைப் பார்த்து நிற்கும் சில வளைவுகளும், தூண்களின் தலைப்பகுதியில் செதுக்கிய சிங்கங்களும் கடல்கன்னிகளும். ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்கு நடந்த யாத்ரீகர்கள் தங்கிப் போன இடம். அதற்காகவே 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இரவு சோவ்தேரில் தங்கினோம். இது இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1281இல் நிறுவிய ஊர். பிரான்சுக்குள் இங்கிலாந்துக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1152இல் இந்தப் பகுதியான அக்கித்தேன் சீமையின் வாரிசான எலியனோர் மணந்த ஹென்றி பின்னால் இங்கிலாந்து மன்னனானான். சீதனம் போல் வந்த அந்த நிலத்தை 1453 வரை அவர்கள் விடவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு திட்டமிட்டுக் கட்டிய ஊர்களுக்கு ‘பாஸ்தீது’ என்று பெயர். நடுவில் சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், அதிலிருந்து நேர்கோட்டில் தெருக்கள். சோவ்தேரில் நான்கு கோட்டை வாசல்களும் இன்னும் நிற்கின்றன. மாலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடிக்க வேறு காரணம் தேவையில்லை.

மறுநாள் காலைதான் இந்தப் பயணத்தின் ஒரே குறை. சோவ்தேரிலிருந்து லா ரெயோல் வரை பதினைந்து கிலோமீட்டர் போல சாதாரணச் சாலை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும். கார் வரும். காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டால் பெரிய தொந்தரவில்லை. பிறகு கரோனைத் தாண்டிக் கால்வாயைப் பிடித்துவிட்டால் துலூஸ் வரைக்கும் நீங்களும் தண்ணீரும்தான்.

இந்தக் கால்வாய் காஸ்தெ-ஆன்-தோர்த் என்ற இடத்தில் கரோனிலிருந்து தொடங்கி துலூஸ் வரை 193 கிலோமீட்டர், 53 லாக்குகள். தெரியாதவர்களுக்கு: லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை மேல்மட்டத்துக்கோ கீழ்மட்டத்துக்கோ கொண்டுபோவார்கள். 1838இல் வெட்டத் தொடங்கி 1856இல் முடித்தார்கள். பாவம், அதே வருடங்களில் அதே பள்ளத்தாக்கில் ரயிலும் வந்துவிட்டது. இரண்டே வருடத்தில், 1858இல், கால்வாயை நடத்தும் பொறுப்பை அரசாங்கம் அந்த ரயில் கம்பெனியிடமே குத்தகைக்குக் கொடுத்தது. ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஓநாயை வைத்த மாதிரி. சரக்கெல்லாம் ரயிலுக்குப் போயிற்று. பிறகு லாரி வந்து, நாங்கள் முதல் நாள் ஓட்டிய மாதிரிச் சின்ன ரயில் பாதைகளை மூட வைத்தது. ஒன்றை ஒன்று தின்று கடைசியில் மிச்சமான இரண்டு தடங்களும் சைக்கிளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மேடு பள்ளம் இல்லாததற்குக் காரணமும் அதுதான். படகும் ரயிலும் செங்குத்தாக ஏற முடியாது.

இப்போது கால்வாயில் போவது பெரும்பாலும் வாடகைப் படகுகள். நாங்கள் போனபோது லாக்குக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீருக்கு மேல் ஒரு கம்பு தொங்கியது. படகில் வருபவர் அதைப் பிடித்துத் திருகினால் லாக் தானாக வேலை செய்யத் தொடங்கும். ஒரு முறை கம்பைத் தவறவிட்ட ஒரு பெரியவர் படகைப் பின்னால் எடுக்க, காற்று அதைக் குறுக்கே திருப்பிவிட, அவருடைய மனைவி முன்பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் கரையில் உட்கார்ந்து ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரியை முடிக்கும் வரை இது நடந்தது. மே மாதத்தில் அந்தப் பக்கம் கரிகெத் என்று நீளமான ஸ்ட்ராபெர்ரி கிடைக்கும். கட்டாயம் வாங்குங்கள்.

ல மாஸ் தஜனே என்ற ஊரைத் தவறவிடாதீர்கள். கால்வாயிலிருந்து மேடேற வேண்டும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகலாம். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊரின் கோயிலில் ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே இருந்தாலும், யாருடையது என்று உறுதியானது 1959இல்தான். பாதுகாப்பு கருதிச் சில வருடங்கள் போர்தோவில் வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

படம் பார்த்த நிம்மதியில் சாப்பாட்டை மறந்தோம். கிராமங்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் மதியச் சாப்பாடு. இரண்டே கால் மணிக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டோம் என்பார்கள். அன்று திங்கட்கிழமை வேறு, ரொட்டிக் கடையும் விடுமுறை. பையில் இருந்த நான்கு பிஸ்கட்டையும் ஒரு வாழைப்பழத்தையும் பங்கு போட்டுக்கொண்டோம். அதன் பிறகு நான் காலையிலேயே ரொட்டியும் சீஸும் வாங்காமல் வண்டியை எடுத்ததில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது வாத்து தேசம். வெறும் சாலட் என்று நம்பிச் சொன்னால் அதன் மேலும் வாத்தின் இரைப்பையைப் பொரித்துப் போட்டுக் கொண்டுவருவார்கள். என்னென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அஜானில் கால்வாய் ஆற்றைத் தாண்டுகிறது, பாலத்தின் மேல். 539 மீட்டர் நீளம், 23 கல் வளைவுகள். கீழே கரோன் ஓடுகிறது, அதற்கு மேலே இன்னொரு தண்ணீர் போகிறது, அதன் ஓரத்தில் நாம் சைக்கிளில் போகிறோம். ஊருக்குள் போய் அஜான் உலர்ந்த பிளம்ஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் உதவும்.

அஜானுக்குப் பிறகு அலுப்புத் தட்டும், ஒத்துக்கொள்கிறேன். நேர்கோடு, ‘பிளேன்’ என்ற நிழல் மரங்கள், மறுபடி நேர்கோடு. தூரத்தில் கோல்ஃபெஷ் அணுமின் நிலையத்தின் இரண்டு பெரிய குளிர்விப்புக் கோபுரங்கள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். கால்வாய்ப் பாதையை வெறுப்பவர்கள் இதைச் சொல்லித்தான் வெறுக்கிறார்கள். நியாயம்தான். இதற்கு மருந்து, கால்வாயைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மேட்டூர்களுக்குப் போவது. வலான்ஸ் தஜானிலிருந்து ஆற்றைத் தாண்டினால் குன்றின் மேல் ஓவில்லார் இருக்கிறது. செங்கல் வீடுகளுக்கு நடுவே வட்ட வடிவத்தில் ஒரு பழைய தானியச் சந்தை, கீழே கரோன். ஏற்றம் கடுமை. என் மனைவி கீழேயே மர நிழலில் படுத்துவிட்டாள்.

முவசாக்குக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே உள்ள மடத்தின் உள்முற்றத்தைச் சுற்றி 76 தூண் தலைகள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. 1100ஆம் ஆண்டு, ஆன்ஸ்கித்தில் என்ற மடாதிபதி காலத்தில் கட்டியது என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. நம் கோயில்களில் கல்வெட்டுத் தேடிப் பழகியவர்களுக்கு அந்த லத்தீன் எழுத்துகளைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். நாங்கள் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது சுவருக்குப் பின்னால் ஒரு ரயில் போயிற்று. கால்வாயின் பிழைப்பைக் கெடுத்த அதே ரயில் பாதைதான். அதைப் போடும்போது மடத்தின் உணவுக்கூடத்தை இடித்துவிட்டார்கள். முற்றமும் போயிருக்க வேண்டியது, தப்பியது.

கடைசி நாள் வழியில் மோன்டெக். ரயிலிடம் தோற்ற கால்வாய் கடைசியாக ஒரு முறை முறுக்கிப் பார்த்த இடம். ஐந்து லாக்குகளை ஒவ்வொன்றாக ஏறுவதற்குப் பதிலாக ஒரு சரிவுத் தொட்டி கட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின் வண்டிகள். அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய தடுப்புப் பலகை. படகு மிதக்கும் தண்ணீரையே அந்தப் பலகையால் சரிவின் மேல் தள்ளிக்கொண்டு போவார்கள். 443 மீட்டர் தூரத்தில் 13.3 மீட்டர் உயரம். 1974இல் திறந்து 2009 வரை ஓடியது. சரக்குப் படகுகள் குறைந்துகொண்டே வந்த காலத்தில் அதை யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது காட்சிப்பொருள். நான் பொறியாளன் என்பதால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், மனைவி பத்தே நிமிடம்.

சில நடைமுறை விஷயங்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்கக் குறுகலான தடுப்புக் கம்பிகள் வைத்திருக்கிறார்கள், அகலமான பக்கப் பைகள் சிக்கும். மர வேர்கள் தாரைத் தூக்கிவிட்ட இடங்களில் வேகம் வேண்டாம். துலூஸை நெருங்கும்போது தென்கிழக்கிலிருந்து ஓத்தான் என்ற காற்று அடித்தால் எதிர்காற்றுதான். வீட்டைப் பார்த்து ஓட்டினாலும் அலுப்புத் தெரிந்தது அன்றைக்குத்தான். ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள், வெயில் நம் ஊர் மாதிரியே இருக்கும். முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ரயில் பாதை கூடவே வருவதால் மார்மான்ட், அஜான், முவசாக், மோந்தோபான் என்று எங்கே வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். உள்ளூர் டெர் ரயில்களில் சைக்கிளுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. அதிவேக டெஜெவேயில் முன்பதிவு வேண்டும்.

துலூஸில் கால்வாய் முடியும் இடத்துக்கு இரட்டைப் பாலங்கள் என்று பெயர். மூன்று கால்வாய்கள் சந்திக்கின்றன, பாலத்தில் 18ஆம் நூற்றாண்டு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். பக்கத்திலேயே நகரத்தின் சுற்றுச்சாலை இரைகிறது. நான்கு நாளாகக் கேட்காத சத்தம். எங்கள் வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான், அதற்குள் இரண்டு முறை ஹாரன் வாங்கினோம்.

கால் இன்னும் தாங்கினால் அங்கிருந்தே ‘கனால் து மிதி’ என்ற கால்வாயைப் பிடித்து மத்தியதரைக் கடல் பக்கம் போகலாம். முதல் ஐம்பது கிலோமீட்டர் தார், அதன் பிறகு பல இடங்களில் மண்ணும் வேரும். அதற்குத் தடித்த டயர் போட்டுக்கொண்டு போங்கள்.