தமிழ் மேடை நாடகம் என்றாலே துணுக்குத் தோரணம்தானா? நேரில் பார்த்ததில் உங்களால் மறக்க முடியாத நாடகம் எது?

கேள்வியின் இரண்டாவது பாதி மட்டும் இருந்திருந்தால் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். 'துணுக்குத் தோரணம்', அதாவது ஜோக்குகளைக் கோத்துக் கட்டியது, என்று பார்த்ததும்தான் சுருக்கென்றது. யாரோ இழுத்துக்கொண்டு போக, ஏதோ ஒரு சபாவில் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு நகைச்சுவை நாடகம் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் சோபா, டீப்பாய், ஒரு டெலிபோன். வலது பக்கம் வாசல், இடது பக்கம் சமையலறை. பேச வேண்டியவர் மைக் தொங்கும் இடத்துக்கு நடந்து வந்து நின்று பேசுவார், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அதை மட்டும் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். உங்களைக் குறை சொல்லவில்லை.

நான் விமரிசகர் இல்லை. நாடகத் துறை ஆளும் இல்லை. டிக்கெட் வாங்கியும், சபா உறுப்பினர் அட்டையைக் காட்டியும், கோயில் திடலில் பாய் விரித்தும் பார்த்தவள், அவ்வளவுதான். சபா என்றாலே ஒரு குறிப்பிட்ட வட்டத்து ஆட்களின் கூடம் என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு: அதில் உண்மை இல்லாமல் இல்லை. நான் அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே போனவள், எனக்கே தெரியும்.

நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊரில் நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் சுவரெல்லாம் நோட்டீஸ். நாயகன் ராஜபார்ட் யார், நாயகி ஸ்திரீபார்ட் யார், கோமாளி பபூன் யார், ஆர்மோனியம் யார் என்று படம் போட்டு, ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஊர்ப் பெயர். இதில் பல பேருக்குத் தெரியாத விஷயம், இவர்கள் ஒரு குழு இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, அரிதாரம் பூசும்போதுதான் வள்ளியாக வருபவரும் நாரதராக வருபவரும் முகம் பார்த்துக்கொள்வதும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் கதையும் இரண்டு பேருக்கும் மனப்பாடம் என்பதால் விடிய விடிய நடந்துவிடும். சுவாமிகள் காலமானது 1922இல். இன்றைக்கும் அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு இசை நாடகம் வருஷக்கணக்கில் ஓடுவதைப் பற்றி வாய் பிளக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

கல்யாணமாகி மயிலாப்பூர் வந்தேன். மாமனாருக்கு இரண்டு சபாக்களில் உறுப்பினர் அட்டை. மாதத்துக்கு ஓரிரு நாடகம், டிசம்பரில் கச்சேரி. என் கணவருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை, கிரிக்கெட் பைத்தியம். அதனால் மாமனார், மாமியார், நான் மூன்று பேரும் போவோம். போகும்போதெல்லாம் மாமியார் தன் பெருமையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். சிறுமியாக இருந்தபோது டி.கே.சண்முகத்தை 'அவ்வையார்' நாடகத்தில் பார்த்தவர் அவர். ஆம்பிளை ஒருவர் கிழவி வேஷம் கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு வந்தால் எழுந்து கும்பிடத் தோன்றுமாம். அந்த வேஷத்தாலேயே அவர் அவ்வை சண்முகம் ஆனார், லாயிட்ஸ் ரோடு பின்னால் அவ்வை சண்முகம் சாலை ஆனது. இதைச் சொல்லிவிட்டு, "நீ கூத்து பார்த்து வளர்ந்தவ, உனக்கு இதெல்லாம் புதுசா இருக்கும்" என்று ஒரு ஊசி.

எனக்கு அப்போது பதில் தெரியாது. பிற்பாடுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று சிறுவர்களை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். அதில் சிறுவர்களாகப் போய்ச் சேர்ந்தவர்கள்தான் சண்முகமும் அவர் உடன்பிறந்தவர்களுமான டி.கே.எஸ். சகோதரர்கள். அதாவது மாமியார் கும்பிட்ட அவ்வை, எங்கள் ஊர்த் திடல் நாடகத்தின் ஆசிரியரிடம் பாடம் கேட்டவர். சமையலறையில் இதைச் சொன்னபோது மாமியார் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, "அப்படியா போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

சரி, சபா நாடகத்துக்கு வருகிறேன். சிரிப்பு நாடகம் எழுதுவதும் நடிப்பதும் சுலபம் என்று நினைக்கிறவர்கள் கிரேஸி மோகன் நாடகம் ஒன்றை அரங்கு நிறைந்த நாளில் பார்த்திருக்க வேண்டும். நாடகத்துக்கு நாடகம் நாயகன் மாது, நாயகி ஜானகி. சோபாவும் டீப்பாயும் அங்கேயும் உண்டு. ஆனால் ஒரு ஜோக்குக்கு எழும் சிரிப்பு முழுதாக அடங்கிவிட்டால் அடுத்த வரி ஈரப் பட்டாசாகிவிடும். அடங்கும் முன்னே பேசினால் யார் காதிலும் விழாது. அந்தச் சிரிப்பு தணிய ஆரம்பிக்கும் கணத்தில் மாது பாலாஜி அடுத்த வரியை எடுப்பார். இதற்கு ஒத்திகையில் வழியே இல்லை, ஏனென்றால் ஒத்திகையில் சிரிக்க ஆள் கிடையாது. அன்றைக்கு வந்த கூட்டத்தைக் காதால் அளந்துதான் செய்ய வேண்டும். டிவியில் அதே நாடகத்தைப் போட்டபோது பார்த்தேன். ஜோக் எல்லாம் இருந்தது, நாடகம் இல்லை. 2019இல் மோகன் போனபோது மாமியார் இல்லை, இருந்திருந்தால் ரொம்ப வருத்தப்பட்டிருப்பார். அங்கே வயிறு வலிக்கச் சிரித்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

சபாவில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது என்பதும் பொய். பூர்ணம் விஸ்வநாதன் சுஜாதாவின் நாடகங்களைப் போட்டதும் இதே சபா மேடைகளில்தான். அவற்றில் 'ஊஞ்சல்', பழைய பெருமையை விட்டு இறங்கி வர முடியாத ஒரு வயதானவரின் கதை. என் மாமனார் ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. தினமும் காலையில் குளித்து, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, பழைய ஆபீசுக்கு ஏதாவது ஒரு கடிதம் எழுதுவார். இப்படிச் செய்திருக்கலாம், அப்படிச் செய்திருக்கலாம் என்று யோசனைகள். பதில் வராது. நாடகம் பாதியில் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "பூர்ணம் நன்னா பண்ணினார்" என்றார். வழக்கமாக சபா கேன்டீனில் காப்பி குடிக்காமல் அவர் வெளியே வந்ததில்லை. அன்று நேராக ஆட்டோவைக் கூப்பிட்டார். மாமியார் வழி நெடுக எதுவும் பேசவில்லை.

ஆர்.எஸ்.மனோகரின் நாடகங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயதுக்காரர்கள் அடிக்க வருவார்கள். ராவணனையும் சூரபத்மனையும் நாயகனாக்கி, மேடையையே மாயாஜாலமாக்கியவர். நான் பார்த்தபோது என் பையன் கைக்குழந்தை, இடி முழக்கத்தில் அவன் அலறியதுதான் அதிகம் நினைவிருக்கிறது. நவீன நாடகத்துக்கு ஆபீஸ் தோழி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். கூத்துப்பட்டறை. முதல் தடவை ஒன்றும் புரியவில்லை, ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் அவர்கள் தரையை மிதித்த விதம் மட்டும் எங்கோ பார்த்த மாதிரியே இருந்தது. அந்தக் குழுவைத் தொடங்கிய ந.முத்துசாமி புரிசை என்ற ஊரின் தெருக்கூத்தில் மனதைப் பறிகொடுத்தவர் என்று தோழி சொன்னதும் விளங்கியது. இன்னொரு நாள் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை'. அதில் கிழவி இல்லை. ஊர் ஊராகத் திரிந்து பாடும் இளம்பெண், அதியமானோடு சரிக்குச் சரி உட்கார்ந்து கள் குடிக்கிறவள். வீட்டுக்கு வந்து இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொன்னேன். "சங்கப் பாட்டுல அப்படித்தானே இருக்கு" என்றார் அவர், எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

1999இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் மேஜிக் லாண்டர்ன் குழு 'பொன்னியின் செல்வ'னைப் போட்டது. ஐந்து பாகக் கதையைக் குமரவேல் ஒரே இரவுக்குள் அடக்கியிருந்தார். கல்கியில் தொடராக வந்த காலத்திலேயே வாரா வாரம் படித்து, கிழித்துத் தைத்து வைத்திருந்தவர் மாமியார். "பூங்குழலி இன்னும் கொஞ்சம் ஒல்லி", "நந்தினி சரி" என்று ஒவ்வொருவராகத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தார். முன்வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார்.

ஆனால் மறக்க முடியாதது எது என்றுதானே கேட்டீர்கள். அது இவை எதுவும் இல்லை. மாமனார் காலமான பிறகு ஒரு சித்திரையில் மாமியாரை எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போனேன். அன்று இரவு 'வள்ளி திருமணம்'. "பத்து நிமிஷம் பார்த்துட்டு வந்து படுத்துக்கறேன்" என்று கிளம்பினார். நாற்காலி போட்டுக் கொடுத்தோம். மேடை அம்மன் கோயிலைப் பார்த்து இருந்தது, அம்மனுக்குத்தான் முதல் மரியாதை. ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், இடி மழை சத்தமெல்லாம் கொடுக்கும் ஆல்ரவுண்ட். பபூன் வந்து ஒரு மணி நேரம் கலகலப்பாக்கிவிட்டுப் போனார். பச்சைப் பேச்சு வரும்போதெல்லாம் மாமியார் எழுந்து போய்விடுவாரோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவுக்கு மேல் வள்ளியும் நாரதரும் தர்க்கத்துக்கு வந்தார்கள். முருகனைக் கட்டிக்கொள் என்று நாரதர் சொல்ல, வள்ளி மறுக்க வேண்டும். அன்றைக்கு நாரதர் வயசாளி, குரல் கணீர். வள்ளி சின்னப் பெண். நாரதர் இல்லறத்தின் பெருமையைப் பாட்டாகவே அடுக்கினார். வள்ளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு அருமை தெரிந்த சுவாமி இதுவரைக்கும் ஏன் கட்டிக்கொள்ளவில்லை?" என்றாள். திடல் அதிர்ந்தது. ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நாரதருக்கு இது எதிர்பாராத அடி என்பது முகத்திலேயே தெரிந்தது. தம்புராவை ஒரு தடவை தோளில் சரிசெய்துகொண்டார். அப்புறம், அடுத்த வீட்டுப் பந்திக்கு அழைக்க வந்தவன் இலையில் உட்காரலாமா அம்மா என்று ஒரு விருத்தம் எடுத்தார் பாருங்கள்! பதிலுக்குப் பதில் அது அரை மணிக்கும் மேல் போனது. எழுதி வைத்த வசனம் இல்லை.

மாமியார் என் கையைப் பிடித்து இழுத்து, "அந்தப் பொண்ணுக்குக் கொடு" என்று நூறு ரூபாயை நீட்டினார். எங்கள் பக்கம் அன்பளிப்பு கொடுத்தால் மைக்கில் சொல்லிவிடுவார்கள். "சென்னை மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கும் மாமி அவர்கள் வள்ளியின் வாதத்தைப் பாராட்டி..." என்று அறிவித்தார்கள். வள்ளி நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாரதரிடம் திரும்பி, "பார்த்தீரா, மயிலாப்பூரே என் பக்கம்" என்றாள். அதற்கு மேல் மாமியாரை அசைக்க முடியுமா? முருகன் வேடனாக வந்து, கிழவனாக வந்து, கல்யாணம் முடிந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் மேடைக்குப் பின்னால் போனோம். அந்த வள்ளி அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துக்கொண்டே ஏழு மணி பஸ்ஸுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு வேறு ஊரில் வேறு ஒரு நாரதர்.

இதையெல்லாம் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நேரில் பார்ப்பது என்பதே நமக்கு விட்டுப்போய்விட்டது.        

சபா நாடகத்தில் எனக்கும் ஒரு பெரிய மனஸ்தாபம் உண்டு. கதை சூடு பிடிக்கும் இடத்தில் இடைவேளை விட்டு, மேடையில் நாற்காலி போட்டு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி அரை மணி நேரம் பேசவிடுவார்கள். அவர் தன் பிள்ளைப் பிராயத்தில் ஆரம்பிப்பார். அதைத் துணுக்குத் தோரணம் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து கை தட்டுகிறேன்.

நீங்கள் சென்னையில் இருந்தால் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவுக்குப் போங்கள். எல்லாமே புது நாடகங்கள், நன்றாக இருப்பதும் இருக்கும், கொட்டாவி விட வைப்பதும் இருக்கும். ஸ்பெஷல் நாடகம் பார்க்க ஆசை என்றால் சித்திரையில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் யாரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் இரவு பத்து மணி என்று போட்டிருந்தால் பதினொன்றுக்கு முன்னால் பபூனே வர மாட்டார். பகலில் தூங்கிவிட்டுப் போங்கள், கையில் கொஞ்சம் சில்லறை நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.