டி.சி. வாங்குவதற்கு முன்: வீட்டுக் கல்வி பற்றி ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி: என் மகன் திண்டுக்கல் அருகே ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். ஓராண்டாகக் காலையில் வயிற்றுவலி, அழுகை. விசாரித்தால், கணக்கு தப்பானால் ஆசிரியை பெஞ்சில் ஏற்றி நிறுத்துகிறாராம். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், வேலைக்குப் போகவில்லை. டி.சி. வாங்கிவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து, நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதவைக்க நினைக்கிறேன். அது சட்டப்படி குற்றம் என்கிறார் கணவர். ஆனால் நடக்க இயலாத என் நாத்தனார் மகளுக்கு அரசே வீட்டுக்கு ஆசிரியரை அனுப்புகிறது. ஒரு மையம், வீட்டுக் கல்விக்கு ‘அரசு அனுமதி’ வாங்கித் தந்து, திறந்தநிலைப் பள்ளியிலும் சேர்த்துவிட 60,000 ரூபாய் கேட்கிறது. 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வீட்டுக் கல்விக்கு ‘அரசு அனுமதி’ என்று ஒன்று கிடையாது. அதற்கான விண்ணப்பப் படிவமோ, அதில் கையெழுத்திடும் அதிகாரியோ இல்லை. இல்லாத ஒன்றை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் மற்ற விஷயங்களில் மட்டும் நேர்மையாக நடப்பார் என்று நம்ப வழியில்லை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பிரிவு 10இல் கூறுகிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குச் சிறையோ அபராதமோ அதில் இல்லை. ஆகவே போலீஸ் வந்துவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டிலேயே கற்பிக்கலாம் என்று அனுமதிக்கும் வரியும் அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக் கல்வியை அனுமதிக்கிறோம் அல்லது அனுமதிக்கவில்லை என்று அரசு ஒரு பக்க அறிவிப்பில் முடித்திருக்கலாம். இத்தனை ஆண்டுகளாகியும் அதைச் செய்யவில்லை. கல்வி அலுவலகத்தில் கேட்டால் ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு பதிலைச் சொல்லும். எழுதிக் கேட்டால் பதிலே வராது. அந்த மௌனத்தை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

டி.சி. வாங்கினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு எண், உண்டு. டி.சி. கொடுத்ததும் அந்தப் பெயர் பள்ளியின் பட்டியலிலிருந்து கணினியில் ‘பொதுத் தொகுப்பு’க்குப் போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே கிடக்கும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு வரும்போது ஆசிரியர்கள் உங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். அவர்களிடம் கோபப்படாதீர்கள். ஒரு குழந்தை செங்கல் சூளைக்கோ மில்லுக்கோ போய்விட்டதா என்று பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. உங்கள் மகன் மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும், அவர்கள் பதிவேட்டில் அவன் இடைநின்றவன்தான். அதற்கு வேறு பெயரிட அந்தப் படிவத்தில் இடமில்லை.

நாத்தனார் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பல பெற்றோரும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளும், ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளும் விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை அது தந்தது. அந்தச் சட்டம் வாய்திறந்து ஒப்புக்கொள்ளும் வீட்டுக் கல்வி அது ஒன்றுதான். அங்கும் குழந்தை பள்ளியை விட்டு வெளியேறுவதில்லை. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பாடநூல் வரும், உதவித்தொகைக்கு உரிமை இருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். தேவையென்றால் இயன்முறைச் சிகிச்சையாளரும் வருவார். அதாவது அந்தப் பெண் பள்ளியை விட்டு வீட்டுக்கு வரவில்லை. பள்ளிதான் அவள் வீட்டுக்கு வருகிறது. உங்கள் மகனுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. மையத்துக்காரர் இந்தத் திருத்தத்தைக் காட்டி ‘அரசே வீட்டுக் கல்வியை ஏற்றுக்கொண்டது’ என்று சொல்லியிருந்தால், ஊனமுற்ற குழந்தைகளுக்காகப் போராடிப் பெற்ற உரிமையை அவர் விலைக்கு விற்கிறார் என்று பொருள். நாத்தனாரிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: பயிற்றுநர் உண்மையிலேயே ஒழுங்காக வருகிறாரா? வராத வாரங்களுக்கும் வந்ததாகக் கையெழுத்து கேட்டால் போட வேண்டாம். அந்த வருகைப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வகுப்பு. வருகை குறைந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

இனி அந்த 60,000 ரூபாய். தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., மத்திய அரசின் கீழ் 1989 முதல் இயங்கும் அமைப்பு. அதன் பத்தாம் வகுப்புச் சேர்க்கையை நீங்களே அதன் சொந்த இணையதளத்தில் செய்யலாம். பாடங்களுக்கான மொத்தக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதியெல்லாம் தரகரின் சம்பாத்தியம். அதைவிட முக்கியமானது வயது. பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இன்றைக்கே உங்களிடம் ‘சேர்க்கை’ என்று பணம் வாங்குபவர் எதில் சேர்க்கிறார்? அதை முதலில் கேளுங்கள். ‘ஒரே ஆண்டில் பத்தும் பன்னிரண்டும்’, ‘தேர்வெழுதாமலே சான்றிதழ்’, வடமாநிலப் பெயர் தாங்கிய ஏதோ ஒரு ‘வாரியம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட காகிதம் கல்லூரி வாசலில், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் செல்லாது என்று தெரியவரும். அப்போது பையனுக்குப் பதினெட்டு வயதாகியிருக்கும். அந்தத் தரகரின் தொலைபேசி எண் மாறியிருக்கும்.

இன்னொரு பொறி. ‘வீட்டுக் கல்வி மையம்’ என்று பலகை மாட்டி, காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை பிள்ளைகளை உட்காரவைக்கும் இடங்கள் வந்துவிட்டன. நடப்பது பள்ளி, பெயர் மட்டும் வேறு. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதன் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று சட்டம் சொல்கிறது. பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் மையத்தைப் பூட்டினால் ஆண்டின் நடுவே தெருவில் நிற்பது உங்கள் பிள்ளைதான்.

வீட்டில் படித்தால் சான்றிதழுக்கு நேர்மையான வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் பதினான்கரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையில் வரும். கவனிக்கத் தவறினால் ஓராண்டு போய்விடும். என்.ஐ.ஓ.எஸ். வழியில் ஆண்டுக்கு இரு முறை பொதுத் தேர்வு உண்டு. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும், பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். பதற்றப்படும் பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு. மேற்படிப்புக்கு அந்தச் சான்றிதழ் செல்லும். தமிழ்நாடு அரசு வேலைக்கு அதை ஏற்பதில் சர்ச்சை எழுந்ததுண்டு. அந்த ஆசை வீட்டில் இருந்தால், அந்தந்தக் காலத்து அரசாணையைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. அவன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு என்பது சாதாரண வகுப்பு அல்ல. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும், மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இதே ஆறாம் வகுப்பைத்தான் கணக்கின் தொடக்கமாக எடுத்துக்கொள்கின்றன. வரும் ஜூனில் அவன் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் இந்த வாய்ப்புகள் எல்லாம் அவனுக்கு உண்டு. ஓராண்டு வீட்டில் வைத்திருந்து ஏழாம் வகுப்பில் சேர்த்தால் சங்கிலி அறுந்துவிடும். பிறகு ஒட்ட முடியாது. வீட்டுக் கல்வியின் லாப நட்டம் பேசும் எவரும் இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. ‘அரசுப் பள்ளியா?’ என்று முகம் சுளிக்காமல், உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு முறை நேரில் போய்வாருங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், கழிப்பறையைப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் படிப்பதன் நன்மைகளை நான் மறுக்கவில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு நாள் முழுதும் நடப்பதை, ஒரு தாயும் மகனும் கவனமாக உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம். பின்னம் புரியவில்லையென்றால் புரியும்வரை அங்கேயே நிற்கலாம். நீங்கள் இயற்பியல் படித்தவர். கணக்கின் மீது அவனுக்கு விழுந்திருக்கும் பயத்தை உங்களால் எடுக்க முடியும். பாடநூல்கள் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நான்கு ஆண்டுகள், விடுப்பே இல்லாமல், அம்மாவாகவும் ஆசிரியையாகவும் ஒருவரே இருப்பது கடினம். மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் வகுப்பு நிற்கும். விளையாட நண்பன் வேண்டும், சண்டை போடவும் நண்பன் வேண்டும். கணவர் அரை மனதோடு இருக்கும் வீட்டில், முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் பழி உங்கள் மேல் விழும். அவர் முழுமனதாக ஒப்புக்கொள்ளாமல் தொடங்காதீர்கள்.

நீங்கள் எழுதியதை மறுபடி படித்தால், பையன் படிப்பை வெறுக்கவில்லை. ஒரு வகுப்பறைக்குப் பயப்படுகிறான். பெஞ்சில் ஏற்றி நிறுத்துவது ஒழுங்குமுறை அல்ல. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் அதே கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17இல் தடை செய்திருக்கிறது. முதல்வருக்குத் தேதியிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். பயனில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம். வயிற்றுவலிக்கு ஒரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

ஆகவே, பள்ளியை மாற்றுவதை முதலில் முயலுங்கள். ஆறாம் வகுப்பில் ஓராண்டு வேறு பள்ளி, மாலையில் உங்கள் கணக்குப் பாடம். அதன் பிறகும் அவன் வாடினால் வீட்டுக் கல்வியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் எட்டாம் வகுப்புத் தேர்வை எந்த ஆண்டு எழுதப்போகிறான் என்பதைத் தாளில் எழுதிவைத்த பிறகே டி.சி. கேளுங்கள்.

கட்டணப் பாக்கி என்று சொல்லி டி.சி.யை மறுத்தால் மிரள வேண்டாம். பாக்கியை வசூலிக்க டி.சி. ஒரு கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. டி.சி. வரத் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. தலைமை ஆசிரியர் தயங்கினால் பிரிவு 5 என்று சொல்லுங்கள்.

கொடுத்த 10,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றப் பதிவையும், ‘அரசு அனுமதி வாங்கித் தருகிறோம்’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் எடுத்துவையுங்கள். எந்த அரசாணையின்படி அனுமதி வாங்கித் தருவீர்கள் என்று கேட்டு, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் எழுதுங்கள். பெரும்பாலும் அதிலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். மையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் செய்யலாம்.