304 ரக எவர்சில்வர் என்று வாங்கிய சிங்க்கின் மூலையில் மட்டும் காந்தம் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. தட்டையான விளிம்பில் ஒட்டாத காந்தம் ஆழமாக வளைந்த மூலைகளில் மட்டும் லேசாக ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அசல் 304 அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அந்தத் தகட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மீதி பெரும்பாலும் இரும்பு. சாதாரண இரும்பில் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள் இருக்கும். நிக்கல் சேரும்போது நடு அணு போய், மூலைகளோடு ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் அமைகின்றன. ஆஸ்டெனைட் எனப்படும் இந்த அமைப்பைக் காந்தம் சட்டை செய்யாது.

ஆனால் 304-இல் ஆஸ்டெனைட் அரைமனதோடுதான் இருக்கிறது. அறை வெப்பத்தில் வேறோர் அமைப்புக்கு மாறிவிடத்தான் அதற்கு விருப்பம். தூண்டுதல் இல்லாததால் மாறாமல் நிற்கிறது. பிரஸ்ஸில் தகட்டை டை எனப்படும் அச்சுக்குள் இழுக்கும்போது தூண்டுதல் கிடைத்துவிடுகிறது. படிக அடுக்குகள் வழுக்குகின்றன. வழுக்கிய பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் மார்டென்சைட் எனப்படும் அந்த வேறு அமைப்பு முளைக்கிறது. அணுக்கள் தனித்தனியாக அலைவதில்லை. அணிவகுப்பில் நிற்பவர்கள் ஒரே நேரத்தில் அரையடி நகர்வதைப் போல, பக்கத்து அணுவை விடாமல் கூட்டமாக இடம் மாறுகின்றன. மார்டென்சைட்டில் காந்தம் ஒட்டும். அது ஆஸ்டெனைட்டைவிடக் கடினமானது, ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதல் இடமும் பிடிக்கும்.

நான் தகடுகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இழுத்து அறுத்த 304 மாதிரித் துண்டின் அருகே, நூலில் கட்டிய சிறு காந்தத்தைக் கொண்டுபோவதுண்டு. எந்திரம் கவ்விப் பிடித்திருந்த முனையில் அது சும்மா தொங்கும். மெலிந்து அறுந்த கழுத்துப் பக்கம் நகர்த்தினால் நூல் சாய்ந்து, டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்த துண்டில் மார்டென்சைட் குறைவு. இழுக்கும்போதே துண்டு சூடாகிவிடுவதுதான் காரணம். திரவ நைட்ரஜனில் குளிரவைத்து இழுத்தாலோ மிக அதிகம். நிக்கல் கூடுதலாக உள்ள 316 ரகம் அறை வெப்பத்தில் இந்த அளவுக்கு மாறுவதில்லை.

எல்லா இடத்திலும் இதைக் குறையென்று சொல்ல முடியாது. குளிர்நிலையில் இழுத்துச் செய்யும் எவர்சில்வர் ஸ்பிரிங் கம்பியின் வலிமையில் மார்டென்சைட்டுக்கும் பங்கு உண்டு. தொல்லை வருவது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை எவர்சில்வரில். அதில் ஆழமாக இழுத்த பாத்திரம் சில சமயம், யாரும் தொடாமலே, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து விளிம்பிலிருந்து கீழ்நோக்கி விரிசல் விடும். மார்டென்சைட், தகட்டில் தங்கிய இறுக்கம், எஃகிலுள்ள சொற்ப ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது.

1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி விரைவாகக் குளிர்வித்தால் மார்டென்சைட் மீண்டும் ஆஸ்டெனைட் ஆகிவிடும். வீட்டுச் சிங்க்குக்கு அந்த வைத்தியம் வேண்டாம். கோணிக்கொள்ளும், பளபளப்பும் போய்விடும்.

கடைக்காரர்கள் காந்தத்தை வைத்து ரகம் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தட்டையான 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே ஒட்டவில்லை என்பது 304-க்குச் சான்றாகாது. தட்டையான பகுதியிலும் வலுவாக ஒட்டினால் மட்டும் அது நிக்கல் இல்லாத 430 போன்ற ரகம் என்று சந்தேகிக்கலாம். உறுதியாகத் தெரியவேண்டுமென்றால், எக்ஸ்ரே மூலம் உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவி வைத்திருக்கும் சோதனைக் கூடத்திலோ பழைய உலோகம் வாங்கும் பெரிய கடையிலோ கேளுங்கள். நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாமலும் குரோமியம் 18-ஐ ஒட்டியும் இருந்தால் உங்கள் சிங்க் 304-தான்.